யாரும் கேட்டு வராத செங்கற்கள்

சிவப்பாஸ்பத்திரியின் மேற்குச் சுவரைப் பொக்லைன் முதல் தடவை கடித்த அதே காலையில், கூம்புத்துறையின் சைக்கிள் கடை பக்கிரிசாமி எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்து, உச்சியில் வைத்து, காதில் விட்டு, கடைசியாகத் தொப்புளில் ஒரு சொட்டு வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது, விரல் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு விலாப்பக்கம் போய்விட்டது. அவர் குனிந்து பார்த்தார். வயிறு இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. கவிழ்த்து வைத்த பானை போல வழவழவென்று இருந்தது.

“இங்க வந்து பாரு, தொப்புளக் காணோம்.”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “தேய்ச்ச தேய்ப்புல போயிருக்கும். முதுகையும் அதே மாதிரி தேய்ங்க.”

மத்தியானத்துக்குள் மீன் ஏலக்காரர் ஒருவருக்கும், பேருந்து நடத்துநர் ஒருவருக்கும், கல்யாணத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கும் தொப்புள் போயிருந்தது. ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு கப்பல் வியாபாரி, அந்தத் துக்கத்தின் உயரத்துக்குக் கட்டியதுதான் சிவப்பாஸ்பத்திரி. வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், வெயிலைச் சிவப்பும் பச்சையுமாக வடிகட்டும் கண்ணாடிகள், அண்ணாந்து பார்த்தால் வலி கொஞ்சம் மறந்துபோகிற அளவு உயரமான கூரை. சுவரெல்லாம் சுட்ட செங்கல், நடுவே சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்து மிருதுவானது, கொண்டை ஊசியால் சுரண்டினால் உதிரும். எந்தத் தாய் முதலில் செய்தாளோ, பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு செங்கல்லை ஒட்டிய சாந்தில் கொண்டை ஊசியால் ஒரு குழி தோண்டி, கொடியை உள்ளே தள்ளி, வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து அடைத்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்தாள். அதன் பிறகு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் அந்த ஊரில் பிறந்த அத்தனை பிள்ளைகளின் கொடியும் அந்தச் சுவருக்குள் போயிற்று. கூம்புத்துறையில் ஒருவனிடம் நட்சத்திரம் கேட்டால் தடுமாறுவான். செங்கல் எது என்று கேட்டால், “ரெண்டாம் வார்டு, ஜன்னலுக்குக் கீழ, இடது கைப்பக்கம் நாலாவது” என்று தூக்கத்திலும் சொல்வான். அடுத்தடுத்த செங்கல்லில் கொடி இருப்பவர்கள் உடன்பிறப்பு முறை, அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை. வெளியூரிலிருந்து மருமகள் வந்தால் கோயிலுக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், “இதுதாம்மா உன் புருஷன்” என்று ஒரு செங்கல்லைத் தொட்டுக் காட்டுவார்கள்.

அஞ்சுகத்துக்கும் அப்படித்தான் காட்டினார்கள். மாலை வாடுவதற்குள் மாமியார் அவள் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துத் தூணருகே ஒரு செங்கல்மேல் வைத்தாள், அது வெயிலில் சூடாக இருந்தது. அந்தப் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. மின்வாரிய அலுவலகத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்று, வெற்றிலைப் பெட்டியும் தானுமாக இருந்தாள் அஞ்சுகம். அவளுக்குப் புருஷனின் செங்கல் தெரியும். அவளுக்குத் தெரியாதது பிள்ளையின் செங்கல்.

ஒரே ஒரு பிள்ளை, ஆண் பிள்ளை, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். அப்போது அஞ்சுகம் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது மடியில் ஒன்றுமில்லை, கேட்டபோது, “கொடி விழுந்துச்சும்மா, சுவத்துல வெச்சிட்டேன்” என்று மட்டும் ஆயா சொன்னாள். எந்தச் சுவர் என்று கேட்கும் தெம்பு வருவதற்குள் அந்த ஆயாவும் ஊரை விட்டுப் போயிருந்தாள். போட்டோ இல்லை, பெயர் இல்லை, அவன் அழுத குரலைக் கேட்டவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அவன் இந்த உலகத்துக்கு வந்து போனதற்கு மிச்சமிருப்பது அந்தச் சுவர்களில் எங்கோ ஒரு விரற்கடை காய்ந்த சதை. எந்தச் செங்கல் என்று தெரியாததால் அத்தனை செங்கல்லும் அவளுடையதாக இருந்தது. அதனால்தான், புது ஆஸ்பத்திரியைப் பைபாஸ் சாலைக்குக் கொண்டுபோய், சிவப்பாஸ்பத்திரியைப் பூட்டி, அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன என்று பலகை நட்ட அன்றைக்கே, வக்கீல் ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போய் அவரை உலுக்கி எழுப்பி ஒரு பாதுகாப்புக் குழுவை ஆரம்பித்தாள். குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் காப்பிக்காக வந்தவர்கள்.

தொப்புள்கள் போக ஆரம்பித்ததும் குழு ஊர் அளவுக்குப் பெருகிற்று. எந்த வார்டு இடிகிறது என்று வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதும், குனிந்து சட்டையைத் தூக்கிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. அரசாங்க டாக்டர் வந்து சோதித்து, பிறந்த பிறகு தொப்புளுக்கு வேலை எதுவும் கிடையாது, ஆகவே இழப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டார். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து அதைப் பற்றிக் கத்தினார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள், மாப்பிள்ளைக்கு இருக்கிறதா என்று ஜாடையாகக் கேட்டார்கள். பெருமாள் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளின் தொப்புளையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அர்ச்சகர் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “இருக்கு, இருக்கு. அவர் வெளியூர்” என்றார்.

இப்படியே எல்லாம் வேடிக்கையாகவும் பழக்கமாகவும் ஆகிக்கொண்டிருந்தபோதுதான் அஞ்சுகத்துக்குக் கோபம் வந்தது. இழவு வீட்டில் சீட்டாடுகிறவர்களைப் பார்ப்பதுபோல அவள் ஊரைப் பார்த்தாள். ஆனாலும் கூட்டம் வந்தது, கூட்டத்தைப் பார்த்து நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு நின்றது. தடை வந்த அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் லட்டு கொடுத்தார்கள். வக்கீல் ஒலிபெருக்கியில், “இது கட்டடம் அல்ல, நம் தாய்!” என்றார். அஞ்சுகம் கைதட்டினாள். அவள் கைதட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே எழுந்து நின்றவள் மரகதம். கால்வாய்க்கரைத் தகரக் கொட்டகையில், மழைக்காலத்தில் கட்டிலின்மேல் அடுப்பு வைத்துச் சமைக்கிறவள்; மீன் கம்பெனியில் இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெள்ளை பூத்தவள். இடுப்பில் மூக்கு ஒழுகும் மகளோடு வந்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மாடி வீட்டுல கீழ்த்தளம் எங்களுக்குத் தர்றதா காண்ட்ராக்டர் ரெங்கமணி சொல்லியிருக்காரு. செத்துப்போன புள்ளைக்குச் சுவரு வேணுங்கறீங்க. உசுரோட இருக்கற என் புள்ளைக்குச் சுவரு வேணாமா?”

அஞ்சுகத்தின் வாயில் வெற்றிலை கசந்தது.

“பைபாஸ் பக்கம் அவன் வளைச்சுப் போட்ட நிலம் கருவேலம் மண்டிச் சும்மா கிடக்குதே, அங்க ஏன் கட்டல? கேட்டியா? கடல் தெரியற இடத்துல உனக்கு வீடு தருவானாடி அவன்? தரமாட்டான்.”

“நீங்க தந்தீங்களா?” என்றாள் மரகதம்.

அந்தக் கேள்வி அஞ்சுகத்தை வீடுவரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. அவள் மரகதத்தின்மேல் கோபப்பட்டாள், பிறகு அது அவளைப் போய்ச் சேர வேண்டிய கோபம் இல்லை என்பது தெரிந்து இன்னும் அதிகமாகக் கோபப்பட்டாள். ஒருத்திக்கு வீடு வேண்டுமென்றால் இன்னொருத்தியின் பிள்ளையைத்தான் இடிக்க வேண்டும் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியவில்லை, முகம் தெரியாதவர்களை எப்படித் திட்டுவது என்றும் தெரியவில்லை.

ரெங்கமணியின் முகம் மட்டும் தெரியும். கட்டட ஒப்பந்தக்காரர், அவரும் இந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்தான். அவருடைய செங்கல் முதல் வார்டில் இருந்தது, அந்த வார்டை இடிக்க வேண்டாமென்று அவர் ஆட்களிடம் ரகசியமாகச் சொல்லிவைத்திருந்தது ஊருக்கே தெரியும். தடை நீடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவருடைய அம்மா தனபாக்கியம் காரில் வந்து இறங்கினாள். கொத்தனார் ஒருவன் கூடவே வந்தான். முதல் வார்டுக்குள் போனாள், ஒரு செங்கல்லைத் தொட்டுக் காட்டினாள், அவன் ஒட்டிய சாந்தோடு நோகாமல் பெயர்த்துக் கொடுத்தான், பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கார் ஏறினாள். ரெங்கமணி அன்று சாயங்காலம் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. மறுநாளும் இருந்தது.

அவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் இந்த மண்ணோட மைந்தன். யாருக்கும் எந்தப் பாதகமும் வரக் கூடாது. அவங்கவங்க செங்கல்ல அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போங்க. கொத்தனார் கூலி என்னோடது.”

அதன் பிறகு நடந்ததைக் கூம்புத்துறைக்காரர்கள் இன்றைக்கும் திருவிழாவைப் போலத்தான் சொல்கிறார்கள். உளியோடு வந்தார்கள், சுத்தியலோடு வந்தார்கள், சாப்பாட்டுத் தூக்கோடும் குழந்தை குட்டிகளோடும் வந்தார்கள். துபாயில் இருக்கும் மகனின் செங்கல்லைப் பெயர்த்து, அதைக் கேமராவுக்குக் காட்டி, “பாரு தம்பி, பத்திரமா இருக்கே” என்றார்கள். வளைவுகள் போயின. கண்ணாடிகளை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மேலே இருப்பது யாருடையது என்று பார்க்காமல் கீழே இருந்ததை உருவினார்கள். விழுந்ததில் நொறுங்கியவற்றின் சொந்தக்காரர்கள் அங்கேயே தொப்புளை இழந்து, அங்கேயே சண்டை போட்டார்கள். எந்த நீதிமன்றம் எதைத் தடுப்பது? தடை பொக்லைனுக்குத்தான் இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை. தாய் தாய் என்று ஒலிபெருக்கியில் கத்தியவர்கள் தாயை ஆளுக்கு ஒரு துண்டாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

வக்கீல் ஞானப்பிரகாசம் கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்தார். செங்கல்லைத் துண்டில் மறைத்துக்கொண்டு திரும்பும்போது அஞ்சுகம் எதிரே நின்றாள்.

“என்ன சார், தாயோட எந்த இடம் கிடைச்சுது உங்களுக்கு?”

“அப்படிப் பேசாதீங்கம்மா. எனக்கு வயசாச்சு. எதுக்கும் ஒரு முன்ஜாக்கிரதை. நீங்களும் உங்க செங்கல்ல எடுத்துக்குங்களேன், யார் வேணாம்னா?”

“எது சார் என் செங்கல்? காட்டுங்க, எடுத்துக்கறேன்.”

வக்கீல் காலால் மண்ணைக் கீறினார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் போன திசையைப் பார்த்து அஞ்சுகம் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். துப்பியது அவர்மேல் படவில்லை என்பது அவளுக்கு நெடுநாள் வருத்தமாக இருந்தது.

எல்லோரும் எடுத்துப்போன பிறகு அந்த மைதானத்தில் ஒரே ஒரு சுவர் நின்றது. மூன்றாம் வார்டின் பின்சுவர். குறைமாதப் பிள்ளைகளையும் மூச்சுக்குத் திணறிய பிள்ளைகளையும் வைத்திருந்த சிறிய அறையின் சுவர் அது. அதில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் கேட்டு வரவில்லை. அஞ்சுகம் கிட்டே போய்ப் பார்த்தாள். மற்றச் சுவர்களில் கொண்டை ஊசியின் கீறல் இருக்கும். இதில் அது இல்லை. தரையோரம் முதல் கைக்கு எட்டும் உயரம்வரை சுண்ணாம்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டிலும் கட்டைவிரல் ரேகை. தாய்மார் மயங்கிக் கிடந்தபோதும், அழுதுகொண்டிருந்தபோதும், வெறுங்கையோடு வண்டியேறிப் போனபோதும், அவர்களுக்குச் சொல்லாமல் ஆயாக்கள் தங்கள் விரலால் அழுத்தி மூடிய பொட்டுகள். அவள் ஒன்றின்மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். அடுத்ததன்மேல் வைத்தாள். இவ்வளவு காலம் ஆஸ்பத்திரி முழுவதும் தேடியவன் இந்தப் பத்தடிக்குள் எங்கோ இருந்தான். ஊரே சேர்ந்து கொள்ளையடித்துத்தான் அவனை அவளுக்குக் காட்டிக்கொடுத்திருந்தது. அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தாள்.

தடை நீங்கிப் பொக்லைன் வந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள்.

“பெரியம்மா, எழுந்திருங்க,” என்றார் ரெங்கமணி. “இந்தச் சுவர இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதுல இருக்கறதெல்லாம் இல்லாதவங்க.”

“எனக்கு ஆகும்.”

“உங்க தொப்புள் உங்க ஊர்ல இருக்கு.”

பொக்லைன் ஓட்டுநர் சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள், எலக்ட்ரிகல் கடைக்காரர் வீட்டம்மா வேலியைத் தாண்டி வந்து, யாரையும் பார்க்காமல், அஞ்சுகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி வந்தாள். பக்கிரிசாமியின் மனைவி வந்தாள். ஒருத்திக்கொருத்தி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. எத்தனையோ வருஷம் ஒரே தெருவில் இருந்து, குழம்பு மாற்றி, சீட்டுப் போட்டு, சண்டை போட்டுச் சேர்ந்தவர்கள், தங்களில் ஒவ்வொருத்திக்கும் இந்தச் சுவரில் ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். வெயில் ஏறிய நேரத்தில் கார் ஒன்று வந்து நின்றது. தனபாக்கியம் இறங்கினாள்.

“அம்மா, நீ எதுக்கு இங்க? வண்டியில ஏறு.”

“உனக்கு முன்னாடி ஒரு பொண்ணுடா,” என்றாள் அவள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். “உங்கப்பாவுக்கே சரியா ஞாபகமில்ல. உன் செங்கல்லத்தான் எடுத்தாச்சே, சாமி ரூம்ல இருக்கு, உனக்கு ஒண்ணும் ஆகாது. இடி.”

அவர் நின்றார்.

“இடிடா! ஏன் நிக்கற?”

ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, பீடி பற்ற வைப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுவர் பிழைத்தது. ஆனால் ரெங்கமணி போன்றவர்கள் தோற்கிற விதமே தனி. அடுக்குமாடி எழுந்தது, சுவர் அதற்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. அதைச் சுற்றிப் புல் வளர்த்தார்கள், கீழிருந்து மஞ்சள் விளக்குப் போட்டார்கள், கண்ணாடி மாதிரி மின்னும் விளம்பரத் தாளில், ‘பாரம்பரியச் சுவரை நோக்கிய பால்கனிகள்’ என்று அச்சடித்து அந்த வீடுகளுக்கு மட்டும் விலையைக் கூட்டினார்கள். வாங்கியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பாதி வீடுகளில் விளக்கே எரிவதில்லை. கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்தும் இடமாயிற்று. ‘தொடாதீர்கள்’ என்று சுவர் ஓரம் ஒரு பித்தளைப் பலகை நட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் செங்கல்லை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை பூ வைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். செங்கல் நொறுங்கியவர்களும் பேசிக்கொண்டார்கள். தொப்புள் இல்லாமலும் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, அப்புறம் என்ன என்றார்கள். ஒன்றுமே ஆகவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் அஞ்சுகம் வெற்றிலைப் பெட்டியை அறைந்து மூடினாள்.

பிள்ளையைப் பார்க்க அவள் போன அன்று வாசலில் சங்கிலி குறுக்கே இருந்தது. புடவைக்குமேல் நீலச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவள் மரகதம். முகம் வெளுத்திருந்தது. புதிதாகப் பிள்ளை பெற்றவளின் வெளுப்பு. பச்சை உடம்போடு வேலைக்கு வந்திருந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘நான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அஞ்சுகத்தின் நாக்குவரை வந்தது. அதை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கினாள்.

“கேக்கச் சொல்லியிருக்காங்கக்கா,” என்றாள் மரகதம் தரையைப் பார்த்து. “எந்த ஃபிளாட்டு?”

“சுவத்துக்கு.”

“சுவத்துக்கு வெளியாளுங்கள விடக் கூடாதாம்.”

“சரி. அப்ப சுவத்துக்குள்ள இருக்கற வீட்டுக்காரங்க வரச் சொன்னாங்கன்னு சொல்லு.”

மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து கண்ணும் கலங்கிற்று. “தகரம் போன புயல்ல பறந்துடுச்சுக்கா. பாயைக் கட்டி மேல போட்டிருக்கேன். இங்க நாப்பது வீடு பூட்டிக் கிடக்கு. ராத்திரி டூட்டியில ஒவ்வொரு கதவா இழுத்து இழுத்துப் பாத்துட்டு வரணும், பூட்டியிருக்கான்னு.”

“என்ன பிள்ளை?” என்று கேட்டாள் அஞ்சுகம்.

“பையன். பைபாஸ் ஆஸ்பத்திரில. அங்க சுவரெல்லாம் பளபளன்னு டைல்ஸு.” மரகதம் நீலச் சட்டையின் பையைத் தடவினாள். உள்ளே காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்று இருந்தது. “நேத்து விழுந்துச்சு. எங்க வைக்கறதுன்னு தெரியாம தூக்கிக்கிட்டே திரியறேன்.”

அஞ்சுகம் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சங்கிலியைத் தானே தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். திரும்பிப் பார்த்து, “வாடி” என்றாள்.

புல்லின்மேல் நடக்கக் கூடாது என்று எழுதியிருந்தது, நடந்தார்கள். பித்தளைப் பலகைக்கு அருகில் மரகதம் மண்டியிட்டு, சீருடைக்காக இறுக்கிக் கட்டியிருந்த கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். கூந்தல் அவிழ்ந்து நீலச் சட்டைமேல் விழுந்தது. கட்டைவிரல் ரேகைகளுக்கு நடுவே ஓர் இடம் பார்த்துச் சுரண்டினாள். பழைய சாந்து எதிர்ப்புக் காட்டாமல் உதிர்ந்தது.

“இருக்கறவன் கொடி ஒண்ணு உள்ள போச்சுன்னா, அப்புறம் இந்தச் சுவத்த இடிக்க முடியாதில்லக்கா?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது.”

மேலே மூன்றாவது மாடியில் ஒரு பால்கனிக் கதவு திறந்தது. “ஹலோ செக்யூரிட்டி! என்ன பண்றீங்க அங்க? அதத் தொடக் கூடாது, தெரியாதா? செக்யூரிட்டி!”

மரகதம் தலையைத் தூக்கவில்லை. காகிதத்தைப் பிரித்து, கறுத்துச் சுருண்ட அந்தச் சிறிய துணுக்கைக் குழிக்குள் தள்ளினாள்.

“இருங்க மேடம்,” என்று சத்தமாகச் சொன்னாள், “வேலையா இருக்கேன்.”

அஞ்சுகம் இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, திறந்து, ஒரு விரல் எடுத்துக் குழியில் அப்பி, கட்டைவிரலால் அழுத்தினாள். மேலே இன்னொரு கதவு திறந்தது, யாரோ போனில் பேசும் சத்தம் கேட்டது, வாசல் பக்கம் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு காய்கிறவரைக்கும் அவள் விரலை எடுக்கவில்லை.